நாவலுக்கு ஒரு வரிசை, நாவலாசிரியருக்கு இன்னொரு வரிசை

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து ஊர் திரும்பும் ரயிலில் நானும் நண்பரும் ஒரு காரியம் செய்வோம். புத்தகம் வாங்கிய பில்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஆளுக்கு ஐந்து பெயர் எழுதுவோம். இன்று தமிழில் எழுதுபவர்களில் மிகச் சிறந்த நாவலாசிரியர்கள் ஐந்து பேர், வரிசைப்படி. விழுப்புரம் வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். அதன்பிறகு திருச்சிவரை சண்டைதான்.

சில வருடங்களுக்கு முன் என் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு நண்பர் கேட்டார்: "அண்ணே, நீங்க எழுதியிருக்கிறது ஆளு பேரு. ஏன் மேல வச்சீங்கன்னு கேட்டா ஒரே ஒரு புத்தகத்தத்தான் சொல்றீங்க. அப்ப இது ஆளுக்குக் குடுத்த இடமா, புத்தகத்துக்குக் குடுத்த இடமா?"

அன்று எனக்குப் பதில் வரவில்லை. யோசிக்க யோசிக்க, தமிழில் நாவல் பட்டியல்களைச் சுற்றி நடந்த சச்சரவுகளில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்துதான் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. நல்ல நாவல் எது என்பது ஒரு கேள்வி. பெரிய நாவலாசிரியர் யார் என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கான விடையை எடுத்து மற்றதன்மேல் வைக்கிறோம்.

பட்டியல் போடும் பழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று க.நா.சுப்ரமண்யத்தைத்தான் சொல்ல வேண்டும். 1912இல் பிறந்து 1988இல் மறைந்தவர். 'பொய்த்தேவு' எழுதிய நாவலாசிரியர். ஐரோப்பிய நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து கொட்டிய மொழிபெயர்ப்பாளர். கட்டுரைக்குக் கட்டுரை அவர் பெயர்களை அடுக்கினார். இவர் தேறுவார், இவர் தேறமாட்டார் என்று சொன்னார். ஏன் என்று நீட்டி விளக்கவில்லை. படித்துப் பார், உனக்கே தெரியும் என்பதுதான் அவருடைய நிலை. இன்றைக்கு அது திமிராகத் தெரியலாம். அன்றைய சூழ்நிலையை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் லட்சக்கணக்கான வாசகர்களைக் கையில் வைத்திருந்த காலம் அது. கல்கியின் பெயர் ஊரெல்லாம் ஒலித்தது. சிறுகதை எழுதிய மௌனியைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்லூரித் தமிழ்த் துறைகளோ நவீன இலக்கியத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த நிலையில், பரபரப்பாக விற்பதும் நல்ல இலக்கியமும் ஒன்றல்ல என்று காட்ட, பெயர்களைச் சொல்வதைத் தவிர அவர் கையில் வேறு கருவி இல்லை.

எதிர்ப்பு வலுவாக வந்தது. இலங்கையிலிருந்து மார்க்சிய விமர்சகர் க.கைலாசபதி 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதினார். ரசனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது, சமூகத்தில் எந்தச் சக்திகள் மோதின, நாவல் அதை எப்படி உள்வாங்கியது என்று கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். விமர்சகர் வெங்கட் சாமிநாதன் அதற்குச் சூடாகப் பதில் எழுதினார். இரண்டு தரப்பும் அளவுகோலைப் பற்றித்தான் பேசின. க.நா.சு.வின் அளவுகோல் வாசகனின் மனத்தில் இருந்தது, கைலாசபதியுடையது வரலாற்றில் இருந்தது. இன்று ஒரு நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் "எழுத்து நல்லாயிருக்கு, ஆனா அரசியல் சரியில்ல" என்று ஒருவரும், "அரசியல் சரி, ஆனா நாவலா வரல" என்று இன்னொருவரும் சொல்வதைக் கேட்கிறோம் அல்லவா? அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மூன்றாவதாக ஓர் அளவுகோல் 1992இல் வந்தது. அப்போது முப்பது வயதைத் தொட்டிருந்த ஜெயமோகன் 'நாவல் கோட்பாடு' என்ற சிறிய புத்தகத்தை எழுதினார். தமிழில் நாவல் என்று நாம் சொல்லிக்கொள்பவற்றில் பெரும்பாலானவை குறுநாவல்கள்தான் என்றார். ஒரே சரட்டில் ஓடும் கதையை எவ்வளவு இழுத்தாலும் அது நாவலாகாது. பல குரல்கள், பல காலங்கள், ஒன்றையொன்று மறுக்கும் பார்வைகள் சேர்ந்து வாழ்க்கையை முழுதாகப் பார்க்க முயல்வதே நாவல் என்பது அவருடைய கட்சி. ஐந்து வருடம் கழித்து 1997இல் 'விஷ்ணுபுரம்' வந்தது. ஒரு கோயில் நகரம் எழுந்து, தத்துவங்கள் மோதி, கடைசியில் வெள்ளத்தில் அழியும் கதை. கோட்பாட்டை எழுதியவரே உதாரணத்தையும் எழுதிக் காட்டினார்.

அதன் விளைவைப் புத்தகக் கடை அலமாரியிலேயே பார்க்கலாம். 2004இல் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', 2008இல் சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', 2009இல் மறுபடி ஜோ டி குரூஸின் 'கொற்கை', 2012இல் பூமணியின் 'அஞ்ஞாடி'. தலையணை அளவு நாவல்கள். கணினி அச்சுக்கோப்பு வந்ததும் ஒரு காரணம். ஈயம் கோத்த காலத்தில் ஆயிரம் பக்க நாவலைத் தைரியமாகப் போடச் சிறு பதிப்பாளரால் முடிந்திருக்காது. ஆனால் அச்சு வசதி மட்டும் நாவலைப் பெரிதாக்கிவிடாது. ஒரு கடற்கரையின், ஒரு சாதியின், ஒரு கரிசல் ஊரின் நூறு இருநூறு வருடக் கதையை, அந்த மக்களுக்குள்ளிருந்தே வந்த ஒருவர் எழுதத் தொடங்கினால் அது எளிதில் முடியாது. சொல்லப்படாதது அவ்வளவு கிடக்கிறது.

இந்தப் பெரிய நாவல்களைக் கொண்டாடும் ஆர்வத்தில் அளவும் தரமும் ஒன்றாகிப்போனது நமக்கு நேர்ந்த இழப்பு. 'காவல் கோட்ட'த்தில் களவும் காவலும் வரும் பகுதிகளைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். இருட்டையே ஒரு நிலப்பரப்பு மாதிரி எழுதியிருப்பார் வெங்கடேசன். அதே நாவலில் அரச வரலாறு வரும் பக்கங்கள் தகவலாகவே நின்றுவிடுகின்றன. பூமணிக்கும் இதே நிலைதான். 'அஞ்ஞாடி' மாபெரும் உழைப்பு. கழுகுமலைக் கலவரம், சிவகாசிக் கொள்ளை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளை அது தோண்டி எடுக்கிறது. ஆனால் என்னிடம் பூமணியின் ஒரு புத்தகத்தைக் கேட்டு வருகிறவர் கையில் நான் கொடுப்பது 'வெக்கை'தான்.

1982இல் வந்த சின்னப் புத்தகம் அது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் போகிறான். வீச்சு தவறி உயிரே போய்விடுகிறது. அங்கிருந்து அப்பனும் மகனும் காட்டுக்குள் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. பழிவாங்கிய பெருமிதம் எங்கும் இல்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சமைக்கலாம், எந்த மறைவில் படுக்கலாம் என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம். அப்பா மகனைத் திட்டவில்லை, மெச்சவும் இல்லை. அவனுக்குச் சோறு கிடைக்க வேண்டுமே என்று பார்க்கிறார். 2019இல் 'அசுரன்' படமாக வந்தபோது கதையை அறிந்துகொண்டவர்கள் நாவலின் இந்த அடங்கிய குரலைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அந்த அடக்கத்துக்காகத்தான் அது என் அலமாரியில் கைக்கெட்டும் தட்டில் இருக்கிறது.

சாகித்திய அகாதெமி பூமணிக்கு 2014இல் விருது கொடுத்தது 'அஞ்ஞாடி'க்காக. இதில் தவறு கண்டுபிடிப்பதற்கு முன் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். விருது ஆளுக்கு இல்லை, புத்தகத்துக்கு. அதிலும் குறிப்பிட்ட ஐந்து ஆண்டு இடைவெளிக்குள் முதல் பதிப்பு வந்த புத்தகத்துக்கு மட்டும். அந்த ஐந்து வருடத்துக்குள் கண்ணில் படாமல் போன நாவல் என்றைக்குமே போனதுதான். எழுத்தாளர் பிறகு பெயர் பெற்றால், அப்போது கையில் இருக்கும் புதிய புத்தகத்துக்கு விருது போகும். இமையத்துக்கு 2020ஆம் ஆண்டு விருது 'செல்லாத பண'த்துக்காகக் கிடைத்தது, 1994இல் வந்த 'கோவேறு கழுதைக'ளுக்குக் கிடைக்கவில்லை. சோ.தர்மனுக்கு 2019இல் கிடைத்தது 'சூல்' நாவலுக்காக, முந்தைய 'கூகை'க்காக இல்லை. ஆளைக் கௌரவிக்கப் புத்தகத்தைச் சாக்காகக் கொள்வதுதான் நடக்கிறது. எனவே விருதுப் பட்டியலை நல்ல நாவல்களின் பட்டியலாகப் படிக்கிறவர் ஏமாறுவார்.

அந்தப் பட்டியல் வேறொன்றைக் காட்டுகிறது. 2011 முதல் 2023 வரையிலான 13 ஆண்டுகளில் தமிழுக்கான விருது 9 முறை நாவலுக்குப் போயிருக்கிறது. ஒன்பதும் ஆண்கள் எழுதியவை. இடையில் 2021இல் பெண் எழுத்தாளர் அம்பைக்குக் கிடைத்தது சிறுகதைகளுக்காக. நாவலுக்காக ஒரு பெண் விருது வாங்கியது என்று பார்த்தால் 2005இல் திலகவதியின் 'கல்மர'த்துக்குப் போக வேண்டும். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. அதன் ஐந்து வருடமும் கடந்துவிட்டது. ஈழத்து எழுத்தாளர்களோ அந்த வாசலுக்கே வர முடியாது, விருது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. பிரான்சில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கும் மேலாகத் தமிழின் மிகக் கூர்மையான உரைநடைகளில் ஒன்றை எழுதிவரும் ஷோபாசக்தி, இந்திய அரசு நிறுவனத்தின் கணக்கில் இல்லை. நம் கணக்கில் இல்லாமல் போனால் அது நம் குறை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு வரிசை தெரிகிறது. ஆங்கிலம் வழியாகத் தமிழ் நாவலைப் படிப்பவரிடம் கேட்டால் முதல் பெயர் பெருமாள்முருகன்தான். 'மாதொருபாகன்' 2010இல் தமிழில் வந்தபோது அமைதியாக வாசிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் வெளியான பிறகு, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, எழுது என்றது. 2023இல் 'பூக்குழி'யின் மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்தது. அதே ஆண்டு 'ஆளண்டாப் பட்சி' ஜேசிபி பரிசு பெற்றது. இவ்வளவு அலைக்கழிப்புக்குப் பிறகும் அவர் எழுதிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் துன்பத்துக்கு மரியாதை கொடுப்பதும் நாவலுக்கு இடம் கொடுப்பதும் தனித்தனி. அவர் எழுதியதில் எனக்கு உச்சம் 2000இல் வந்த 'கூளமாதாரி'. கவுண்டர் காட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்ட சக்கிலியப் பையன் கூளையன். ஆடு மேய்க்கும் அவனும் அவன் கூட்டாளிகளும் மேட்டுக்காட்டில் கழிக்கும் பகல்கள்தான் நாவலின் பெரும்பகுதி. பட்டினி, அடி, வெயில் எல்லாம் உண்டு. ஊடே பிள்ளைகளின் விளையாட்டும் உண்டு. கவுண்டர் மகன் செல்வனும் அந்த விளையாட்டில் சேர்கிறான். காட்டுக்குள் இருக்கும்வரை அவன் ஒரு கூட்டாளி, வீட்டு வாசலில் அவன் பண்ணையக்காரர் மகன். இந்த மாற்றத்தை ஆசிரியர் ஓர் இடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பெயர், ஒரு குணம் என்று எழுதிக்கொண்டே போகிறார். படிக்கிறவர் நெஞ்சில் அது தானாகக் கனக்கத் தொடங்குகிறது.

இனி என் இரண்டு வரிசை.

நாவலாசிரியர் என்று கேட்டால் முதல் இடம் ஜெயமோகனுக்கு. அவருடைய கருத்துகளோடு நான் சண்டை போடாத மாதம் கிடையாது, அது வேறு கணக்கு. 'விஷ்ணுபுரம்', 'பின்தொடரும் நிழலின் குரல்', 'காடு', 'ஏழாம் உலகம்', 'கொற்றவை' ஆகிய ஐந்தையும் பெயர் மறைத்துக் கொடுத்தால் ஐந்து பேர் எழுதியவை என்றுதான் நினைக்கத் தோன்றும். அதன் மேல் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாளுக்கு ஒரு அத்தியாயமாக மகாபாரதத்தை 26 நாவல்களாக எழுதி முடித்திருக்கிறார். நாவலாசிரியன் என்பவனை வீச்சாலும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு மொழியை உண்டாக்கும் திறத்தாலும் அளந்தால் அவருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அவருடைய எந்த நாவல் என்று கேட்டால், பலரும் 'விஷ்ணுபுரம்' என்பார்கள். நான் 'ஏழாம் உலகம்' என்பேன். 2003இல் வந்தது. உடல் குறைபட்டவர்களைப் பிச்சைக்கு உட்காரவைத்துப் பிழைக்கும் ஒரு பண்டாரம். அவர்களை அவர் 'உருப்படி' என்கிறார். கடையில் சரக்கை எண்ணுகிற அதே சொல். முத்தம்மை பெறும் குழந்தைகள் அவருக்கு வியாபாரம். அதே மனிதர் வீட்டுக்கு வந்தால் மூன்று பெண் பிள்ளைகளை உயிராக நேசிக்கும் தகப்பன், சாமிக்குப் பயந்தவர். இந்த இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்து, ஒன்றை மற்றொன்றின் முகமூடி என்று சொல்லாமல் விட்டதுதான் இந்த நாவலின் பலம். பண்டாரத்தை வெறுத்துவிட்டுத் தப்பிக்க வாசகருக்கு வழியில்லை. உருப்படிகளோ ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு, பார்த்துக்கொண்டு, நம்மைவிட மனிதர்களாக இருக்கிறார்கள்.

இரண்டாவது பூமணி, மூன்றாவது இமையம், நான்காவது பெருமாள்முருகன், ஐந்தாவது ஷோபாசக்தி. எஸ்.ராமகிருஷ்ணனை எங்கே வைப்பது என்று வருடா வருடம் தடுமாறுகிறேன். 'நெடுங்குருதி'யின் வேம்பலை ஊரையும், ஊரைவிட்டுச் சாரை சாரையாக வெளியேறும் எறும்புகளையும் மறக்க முடிந்ததில்லை. ஆனால் அவர் நாவல்களில் எனக்குப் பகுதிகள்தான் தங்குகின்றன, முழுமை தங்குவதில்லை.

நாவல் என்று கேட்டால் வரிசை குலைந்துபோகிறது. 1990க்குப் பிறகு வந்தவற்றில் முதலில் வைப்பது 'கோவேறு கழுதைகள்'. இமையத்தின் முதல் நாவல். ஆரோக்கியம் என்ற புதிரை வண்ணாரப் பெண்ணின் கதை. தாழ்த்தப்பட்டவர்களின் காலனிக்குத் துணி வெளுக்கும் குடும்பம் அவளுடையது. ஊர் ஒதுக்கிய மக்களுக்கும் கீழே ஒருத்தி. அவர்கள் வீட்டுப் பிறப்பு, சாவு, பூப்பு எல்லாவற்றுக்கும் அவள் வேண்டும். களத்துமேட்டில் நெல் அளக்கும்போதும், ராத்திரி சோறு எடுக்கப் போகும்போதும் அவள் கெஞ்ச வேண்டும். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒடுக்குமுறை உண்டு என்று எழுதியதற்காக அந்த நாவல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சுந்தர ராமசாமி அதை மிக உயரத்தில் வைத்துப் பாராட்டினார். இரண்டு பக்கமும் நாவலை விட்டுவிட்டு அதன் அரசியலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

நான் கவனிப்பது ஆரோக்கியத்தின் பேச்சை. "சாமி, சாமி" என்று அவள் பேசத் தொடங்கினால் அது நிற்பதில்லை. புகழ்கிறாள், அழுகிறாள், உறவு கொண்டாடுகிறாள், பழைய நாளைச் சொல்கிறாள், அதற்கு நடுவே படி நெல் கூடக் கேட்டுவிடுகிறாள். அவளிடம் நிலம் இல்லை, சாதி பலம் இல்லை, பணம் இல்லை. வாய்தான் அவள் சொத்து. காலம் மாறி ஆட்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைத்துக்கொள்ளத் தொடங்கும்போது, அவள் சொல்லின் விலை குறைந்துகொண்டே போவதை அவள் பேச்சு வழியாகவே நாம் கேட்கிறோம். அவமானம் தரும் ஒரு தொழில் அழிவது நல்லதுதானே? நல்லதுதான். அதை நம்பி வாழ்ந்தவளுக்கு அது பட்டினி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்று கட்டுரை எழுதிச் சொல்லிவிடலாம். ஆரோக்கியத்தின் தொண்டைக்குள்ளிருந்து கேட்க வைப்பது நாவலால் மட்டுமே முடியும்.

அதற்கு அடுத்து 'ஏழாம் உலகம்', பிறகு 'கூளமாதாரி', நான்காவது 'இரண்டாம் ஜாமங்களின் கதை', ஐந்தாவது ஷோபாசக்தியின் 'கொரில்லா'. 2001இல் வந்த 'கொரில்லா' அகதி விண்ணப்பத்தின் நடையில் தொடங்குகிறது. அதிகாரியை நம்பவைக்க எழுதும் மொழியில் ஒரு மனிதன் தன் வாழ்க்கையைச் சொல்ல நேர்வதே அதன் துயரம். உருவத்தைக் கதையிலிருந்து பிரிக்க முடியாத நாவல் தமிழில் அரிது, இது அப்படி ஒன்று.

சல்மாவின் நாவல் என் வரிசையில் வெகுநாள் கீழே கிடந்தது. முதல் முறை படித்தபோது கதை எங்கே போகிறது என்று பொறுமை இழந்தேன். ஒரு சிற்றூரின் முஸ்லிம் வீடுகள், சமையலறை, பின்வாசல், சிறுமி ரபியாவைச் சுற்றி இத்தனை பெண்கள், ஓயாத பேச்சு. யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை. போன வருடம் மறுபடி எடுத்தேன். கதை எங்கும் போகவில்லை என்றல்லவா குறைப்பட்டேன், அந்தப் பெண்களுக்குத்தான் போக எங்கும் இடமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆண்கள் வெளிநாடு போகிறார்கள், வருகிறார்கள், நிக்காஹ் பேசுகிறார்கள். பெண்களின் உலகம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே அவர்கள் பேசிச் சிரிக்கும் அந்தரங்கப் பேச்சில்தான் அவர்களுக்கென்று கொஞ்சம் காற்று வருகிறது. நாவல் அந்தப் பேச்சுக்கு முழு இடத்தையும் கொடுத்திருக்கிறது. நான் அவசரப்பட்டிருக்கிறேன்.

இந்த ஜனவரியில் ரயில் கிளம்பியதும் நண்பரிடம் இரண்டு பில் எடுக்கச் சொன்னேன். ஒன்றில் ஆள், ஒன்றில் புத்தகம். அவர் புத்தக வரிசையில் சல்மாவை முதலில் எழுதி, ஆள் வரிசையில் ஐந்தாம் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "ப.சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'ய எழுதி பத்து வருசம் கழிச்சு, 72லதான் புத்தகமா வந்துது. அப்புறமும் ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல. அந்த மாதிரி இப்ப ஒருத்தர் எழுதிக்கிட்டு இருப்பாருல்ல அண்ணே, அவருக்கு" என்றார்.

வாங்கிவந்த பையில் இதுவரை பெயர் கேட்டிராத இரண்டு பேரின் முதல் நாவல்கள் இருந்தன. செங்கல்பட்டு தாண்டியதும் ஒன்றை அவர் பிரித்தார், இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டேன்.